'செல்லாமப் போனவன்': முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு விலகுதல் பற்றி

நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாம் வாரமளவில் புறக்கோட்டையில் எந்தப் புடவைக் கடைக்குள் போனாலும் ஒரு வசனத்தைக் கேட்கலாம். "ஊருக்குப் போன பொடியன் இன்னும் வரல்ல. போனும் ஓஃப். செல்லாமக் கொள்ளாமப் போயிட்டான்." கெய்சர் வீதியிலும் பழைய சோனகத் தெருவிலும் சில கடைகளுக்கு மாதாந்தச் சம்பளப் பட்டியலும் ஈ.பீ.எப். படிவமும் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆகவே அந்த வசனத்தை நான் வருடத்துக்கு இரண்டு முறை, நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் பிறகு, தவறாமல் கேட்கிறேன். அடுத்த வசனமும் எனக்குத் தெரியும். "அவன்ட பேர வெட்டி விடுங்க. செல்லாமப் போனவனுக்கு ஒரு சதமும் இல்ல."

பெயரை வெட்டுவது எளிது. "ஒரு சதமும் இல்ல" என்பதுதான் சிக்கல். அது சட்டமல்ல. ஆனால் முதலாளி மட்டுமல்ல, போன பொடியனும் அதையே நம்புகிறான். அக்கரைப்பற்றிலிருந்தோ புத்தளத்திலிருந்தோ மூன்று மாதம் கழித்து எனக்கு அழைப்பெடுத்து, "நானா, நான் சொல்லாமத்தானே வந்தன், இனி என்னத்தக் கேக்கிற" என்று அவனே தன் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுகிறான். ஏழெட்டு வருட உழைப்பின் பலன் இந்த ஒரு வாக்கியத்தில் போய்விடுகிறது. இரு தரப்பும் ஒன்றாக நம்பும் இந்தத் தப்பான சட்டத்தைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முன்னறிவித்தல் எங்கிருந்து வருகிறது

தனியார் துறையில் வேலை செய்யும் ஒருவர் விலகுவதற்கு இத்தனை நாள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று எல்லோரையும் கட்டுப்படுத்தும் பொதுவான சட்டப் பிரிவு எதுவும் எங்கள் நாட்டில் இல்லை. அந்தக் கடமை ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. நியமனக் கடிதத்தில் ஒரு மாதம் என்றிருந்தால் ஒரு மாதம், மூன்று மாதம் என்றிருந்தால் மூன்று மாதம். ஒன்றும் எழுதப்படாதவிடத்து, எமது பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம் நியாயமான முன்னறிவித்தலை எதிர்பார்க்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது வழக்கமாக ஒரு மாதம் என்றே கொள்ளப்படுகிறது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் ஒழுங்குவிதிகள், ஒருவர் வேலைக்குச் சேரும்போதே அவரது நியமன விபரங்களை எழுத்தில் கொடுக்கும்படி முதலாளியைப் பணிக்கின்றன. சம்பளம், வேலை நேரம், லீவு, நன்னடத்தைக் காலம் எல்லாம் அதில் வரவேண்டும். எழுபது வருடத்துக்கு மேற்பட்ட சட்டம். நான் கணக்கெழுதும் கடைகளில் அப்படியொரு கடிதம் கொடுத்தவர்களை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். "ஊர்ப் பொடியன்தானே, வாப்பாவத் தெரியும்" என்பதுதான் நியமனக் கடிதம். கடிதமே கொடுக்காதவர், கடிதத்தில் இல்லாத நிபந்தனையை மீறினான் என்று ஏசுகிறார். எழுதாவிட்டாலும் கடமை இல்லாமற் போகாது என்பது உண்மைதான். ஆனாலும் முதலில் தவறியவர் யார் என்பதையும் கேட்க வேண்டும்.

சரி, முன்னறிவித்தல் கொடாமல் ஒருவன் போய்விட்டான். சட்டத்தின் கண்ணில் அவன் செய்தது என்ன? ஒப்பந்த மீறல். அது குற்றமன்று. பொலிசில் முறைப்பாடு செய்து அவனை இழுத்து வர முடியாது. எந்த நீதிமன்றமும் அவனைத் திரும்பி வந்து வேலை செய்யும்படி கட்டளையிடாது. முதலாளிக்குக் கிடைக்கக்கூடிய பரிகாரம் நட்டஈடு மட்டும். அதன் அளவும் பெரும்பாலும் முன்னறிவித்தற் காலத்துக்கான சம்பளம்தான். அதைக்கூட அவர் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் பெறவேண்டும். தொழில் நியாய சபைக்கு அவர் போக முடியாது. அந்தக் கதவை 1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குச் சட்டம் தொழிலாளிக்கும் அவனது சங்கத்துக்கும் மட்டுமே திறந்து வைத்திருக்கிறது. ஒரு மாதச் சம்பளத்துக்காக விற்பனைப் பொடியனுக்கு எதிராக வழக்காடிய முதலாளியை நான் இன்னும் கண்டதில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கும் சல்லி அதைவிட அதிகம்.

வழக்குக்குப் போகாமலே அவர்கள் வேறொரு வழியில் அறவிடுகிறார்கள். கையிலிருப்பதைக் கொடுக்காமல் விடுவதுதான் அந்த வழி. விஷயத்தின் முடிச்சு இங்குதான் இருக்கிறது.

ஒரு கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் போடுவோம். ஒரு பொடியன் ஏழு வருடமும் நாலு மாதமும் ஒரு கடையில் வேலை செய்தான். கடைசிச் சம்பளம் 48,000 ரூபா. பதினெட்டாம் திகதிவரை வேலை செய்துவிட்டு ஊருக்குப் போனான், வரவில்லை. கடையில் இருபது பேர் வேலை செய்கிறார்கள்.

அவன் கொடுக்கவேண்டியது: அதிகபட்சம் ஒரு மாத முன்னறிவித்தலின் பெறுமதி, 48,000 ரூபா.

அவனுக்கு வரவேண்டியது: முதலாவது, பதினெட்டு நாளுக்கான சம்பளம். வேலை செய்த நாளின் கூலி, வேலை செய்ததால் வந்தது. அவன் எப்படிப் போனான் என்பதால் அது இல்லாமற் போகாது. அதிலிருந்து முதலாளி தன் விருப்பப்படி எதையும் கழிக்கவும் முடியாது. சம்பளத்திலிருந்து எதைக் கழிக்கலாம் என்பதைச் சட்டம் வரையறுத்திருக்கிறது, ஊழியரின் சம்மதத்தையும் கேட்கிறது.

இரண்டாவது, பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டத்தின்படி, கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாளிலாவது பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில், ஐந்து வருடம் பூர்த்தி செய்த ஒருவருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்கவேண்டும். கடைசியாகப் பெற்ற சம்பளமே கணக்கு. 24,000 ஐ ஏழால் பெருக்கினால் 168,000 ரூபா.

இந்தச் சட்டத்தைப் பற்றி எங்கள் கடைவீதியில் இரண்டு பிழையான எண்ணங்கள் உலவுகின்றன. வேலையை விட்டு நிறுத்தினால்தான் பணிக்கொடை உண்டு, தானாகப் போனால் இல்லை என்பது ஒன்று. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சேவை முடிவுற்றது முதலாளியாலா, ஊழியராலா, ஓய்வாலா, மரணத்தாலா என்ற பேதமின்றி அது பொருந்தும். மற்றது, ஒழுங்காகச் சொல்லிப் போகாதவன் அதை இழந்துவிடுகிறான் என்பது. பணிக்கொடையை எப்போது பறிக்கலாம் என்பதைச் சட்டமே தனிப் பிரிவொன்றில் எண்ணிச் சொல்லியிருக்கிறது. மோசடி, பணக் கையாடல், முதலாளியின் சொத்துக்கு வேண்டுமென்றே செய்த சேதம், பொருட்களுக்கு இழப்பு ஏற்படுத்தல் ஆகியவற்றுக்காக வேலை நீக்கப்பட்டவனிடமிருந்து மட்டும், அதுவும் அந்தச் சேதத்தின் அல்லது இழப்பின் அளவுக்கு மட்டும் பறிக்கலாம். முன்னறிவித்தல் கொடாமை அந்தப் பட்டியலில் இல்லை. சேவை முடிவுற்று முப்பது நாளுக்குள் பணத்தைக் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மேலதிகக் கட்டணமும் சேரும்.

பதினைந்து பேருக்குக் குறைந்த கடை என்றால்? அப்போதும் வழி அடைபடவில்லை. தொழில் நியாய சபையிடம் பணிக்கொடை கேட்டு விண்ணப்பிக்கலாம். சபை நியாயத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும். இது பலருக்குத் தெரியாது.

மூன்றாவது, சேமலாப நிதி. மாதாமாதம் ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் போகவேண்டியது. எங்கள் உதாரணத்தில் மாதம் 3,840 உம் 5,760 உம். அதோடு நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியிடமிருந்து 3 வீதம், 1,440 ரூபா. கட்டப்பட்ட ஈ.பீ.எப். பணம் மத்திய வங்கியில் ஊழியரின் பெயரில் இருக்கிறது. முதலாளி நினைத்தாலும் அதைத் தடுக்க முடியாது. கட்டப்படாத மாதங்கள் இருந்தால், வேலையை விட்டுப் போன பிறகும் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். ஆணோ பெண்ணோ தன் அங்கத்துவ இலக்கத்தையும் பீ கார்டையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு பொடியனிடமும் சொல்வது அதற்காகத்தான். பாதிப்பேர் அதைக் கடை மேசையின் லாச்சியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஆக, "ஒரு சதமும் இல்ல" என்று சொல்லும் முதலாளி 48,000 ரூபாக் கடனுக்காக 168,000 ரூபாவை வைத்துக்கொள்கிறார், அதற்கு மேல் பதினெட்டு நாள் கூலியையும். அந்த 48,000 கூட எந்த நீதிமன்றமும் தீர்க்காத கடன்.

'தானாப் போனான்' என்ற சொல்

இதுவரை சொன்னது போனவனுக்குச் சாதகமாக இருப்பதால், சொல்லாமல் போவதில் நட்டமே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நட்டம் உண்டு. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது.

1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க, வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் பற்றிய சட்டத்தின்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்துவதற்கு ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். ஊழியர் விலகுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. முதலாளியின் கை இப்படிக் கட்டப்பட்டிருப்பதால், ஒரு பொடியனை வேண்டாமென்று நினைக்கும் முதலாளிக்கு மிக வசதியான வாசகம் ஒன்றுதான்: "நான் நிறுத்தல்ல, அவன் தானாப் போனான்."

நடப்பது இப்படித்தான். உம்மாவுக்குச் சுகமில்லை என்று ஒருவன் ஊருக்குப் போகிறான். டெங்கு, ஆஸ்பத்திரி. பத்து நாளில் திரும்பி வந்தால் அவன் நின்ற இடத்தில் இன்னொரு பொடியன் நிற்கிறான். "நீதானே செல்லாமப் போன" என்கிறார்கள். இவனும் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறிவிடுகிறான். உண்மையில் அவன் போகவில்லை, அவனை நிறுத்தியிருக்கிறார்கள்.

எமது நீதிமன்றங்கள் 'பதவி வறிதாக்கல்' என்பதற்கு இரண்டு கூறுகளைக் கேட்கின்றன. ஒருவர் வேலைக்கு வராதிருப்பது ஒன்று. வேலையைக் கைவிடும் எண்ணம் அவருக்கு இருந்திருப்பது மற்றது. உடல் வராமை மட்டும் போதாது, மனமும் விலகியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் உம்மாவின் கட்டிலருகே இருந்தவனுக்கு வேலையைக் கைவிடும் எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது. இதனால்தான் விபரமறிந்த நிறுவனங்கள் ஊழியர் வராதுவிட்டால் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, இன்ன திகதிக்குள் வராவிட்டால் பதவியை வறிதாக்கியவராகக் கருதுவோம் என்று எழுதுகின்றன. அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருப்பதைப் போன்ற புத்தியீனம் வேறில்லை. பதில் இல்லாவிட்டால், எண்ணம் என்ற அந்த இரண்டாவது கூற்றை நாமே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம் இருக்கிறது. எந்தத் திகதியிலிருந்து ஆறு மாதம் என்பதற்கும் ஒரு கடிதமோ செய்தியோ இருந்தால்தான் கணக்குப் பிடிக்கலாம். சொல்லாமல் போனவனின் கையில் திகதி இல்லை. எப்போது போனான், ஏன் போனான், யார் முடித்து வைத்தார்கள் என்ற மூன்று கேள்விக்கும் விடை மறுதரப்பின் வாயில் இருக்கிறது. அவன் இழப்பது சம்பளத்தையல்ல, சாட்சியத்தை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. இரண்டு மாதமாகச் சம்பளம் கொடுக்காத கடை, கைநீட்டும் முதலாளி, தங்குமிடத்தில் மனுசன் இருக்க முடியாத நிலை என்று தாங்க முடியாமல் வெளியேறியவனை, வெளித்தோற்றத்தில் தானாகப் போனவன் என்றாலும், சட்டம் அப்படிப் பார்க்கவேண்டியதில்லை. ஒப்பந்தத்தின் அடிப்படையையே முதலில் முறித்தவர் முதலாளி என்று காட்ட முடிந்தால், அங்கே முன்னறிவித்தல் கொடுக்கும் கடமையே எழாது. முதலாளியே வேலையை முடிவுறுத்தியதாகக் கொள்ளவும் இடமுண்டு. ஆனால் அதைக் காட்டும் பொறுப்பு போனவனுடையது. போகும்போது இரண்டு வரி எழுதி வைத்திருந்தால் அது எளிதாகும்.

பழைய நிழல்

சொல்லாமல் போவதை ஒரு களவைப்போலப் பார்க்கும் மனம் எங்கிருந்து வந்தது? நான் இதற்குச் சரித்திர ஆராய்ச்சி செய்தவனல்லன். ஆனாலும் ஒரு காலத்தில் அது இந்நாட்டில் சட்டப்படியே குற்றமாக இருந்தது என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வேலைக்காரனோ கூலியாளோ முன்னறிவித்தலும் தக்க காரணமும் இன்றி வேலையை விட்டுப் போனால் தண்டப்பணமும் சிறையும் விதிக்க முடிந்தது. தோட்டங்களில் அது மிகக் கொடுமையாகப் பயன்பட்டது. அதோடு சேர்ந்து 'துண்டு' முறை இருந்தது. ஒரு தொழிலாளியின், அல்லது கங்காணியின் கும்பல் முழுவதன், கடன் இவ்வளவு என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. அந்தக் கடனைத் தீர்க்கும் அடுத்த தோட்டத்துக்குத்தான் அவர்கள் போகலாம். கடன் இருக்கும்வரை ஆளும் கட்டப்பட்டவன். துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

சட்டம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பெருநாள் முற்பணமும் தங்கச்சியின் கலியாணத்துக்குக் கொடுத்த கடனும் இன்று கடைவீதியில் அந்தத் துண்டின் வேலையைச் செய்கின்றன. சொல்லாமல் போகிறவர்களில் பெரும்பாலானோர் முற்பணம் எடுத்தவர்கள் என்பது என் அனுபவம். நன்றிகெட்டவன் என்று ஏசுவார்கள். எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. சொல்லிவிட்டுப் போக முதலாளியின் மேசைக்கு முன் நின்றால், முதலில் எடுபடப்போவது கடன் கொப்பி. கையில் சல்லி இல்லாதவன் அந்த மேசைக்கு வருவானா? கடன் கடன்தான், அதைக் கொடுக்க வேண்டும், எழுத்தில் இருந்தால் கேட்டுப் பெறலாம். ஆனால் கடன் இருப்பதால் விலகும் உரிமை இல்லாமற் போவதில்லை.

முதலாளியின் பக்கம்

முதலாளிமார் எல்லாம் கொடியவர்கள் என்று நான் எழுதவரவில்லை. அவர்களது சோற்றைத்தான் நானும் தின்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில் சீலைப் பகுதியின் சரக்கு எங்கே இருக்கிறது, எந்த வாடிக்கைக்காரருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் தலைக்குள் வைத்திருந்த ஒருவன் ஒரு காலையில் இல்லாமற் போனால், அந்த நட்டத்துக்குக் கணக்கெழுத முடியாது. களஞ்சியச் சாவியும் அவனோடு போயிருந்தால் கதை சொல்லத் தேவையில்லை. முன்னறிவித்தல் என்பதே இதற்காகத்தான். மற்றவர் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள ஓர் அவகாசம்.

இந்தப் பேச்சில் மார்க்கமும் இழுபடுவதால் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது கடமை என்று ஹாஜியார் சொல்வது சரி. ஷாஃபிஈ மத்ஹபில் இஜாரா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், ஒருவர் தன்னிச்சையாக முறிக்க முடியாது. ஹனஃபிகள் தக்க காரணம் இருந்தால் முறிக்க இடம் கொடுக்கிறார்கள். ஆனால் அதே ஃபிக்ஹு நூல்கள், காலமும் கூலியும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாக வைக்கின்றன. ஒப்பந்தம் நிபந்தனை குறைந்து செல்லாமற் போனாலும், செய்த வேலைக்கு வழக்கிலுள்ள கூலியைக் கொடுக்கச் சொல்கின்றன. காலத்தையும் கூலியையும் எழுதாமல் விட்டுவிட்டு, கடைசிப் பதினெட்டு நாளின் கூலியையும் பிடித்து வைப்பதற்கு அங்கே ஆதாரம் தேட முடியாது.

விசா வந்தவன்

திடீரென்று போகிறவர்களில் கணிசமானோர் வளைகுடாவுக்குப் போகிறார்கள். விசா வந்திட்டு, பத்து நாளில் பயணம், முன்னறிவித்தல் கொடுக்க நேரமில்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் இங்கே பழகிய பழக்கத்தை அங்கே கொண்டுபோவதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. இங்கே சொல்லாமல் போனால் ஒப்பந்த மீறல். அங்கே அது குடிவரவுப் பிரச்சினையாக மாறிவிடும்.

சவூதியில் கஃபீல் தன் தொழிலாளி வேலைக்கு வரவில்லை என்று அறிவித்தால் அவர் 'ஹுரூப்' ஆகிவிடுகிறார். இகாமாவின் பெறுமதி போய்விடும், பிடிபட்டால் நாடு கடத்தலும் வரும். 2021 மார்ச்சிலிருந்து தனியார் துறைத் தொழிலாளர் கஃபீலின் சம்மதமின்றி வேலை மாறச் சில வழிகள் திறக்கப்பட்டன. ஆனால் எங்கள் பெண்கள் அதிகமாகப் போகும் வீட்டு வேலை அந்தச் சீர்திருத்தத்துக்கு வெளியே விடப்பட்டது. கட்டாரில் 2020 இல் தடையில்லாக் கடிதம் ஒழிக்கப்பட்டது. இரண்டு வருடம்வரை சேவை செய்தவர் ஒரு மாதமும், அதற்கு மேல் செய்தவர் இரண்டு மாதமும் முன்னறிவித்தல் கொடுத்து மாறலாம். ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021 ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் முன்னறிவித்தலை முப்பது நாளுக்கும் தொண்ணூறு நாளுக்கும் இடையில் வைத்திருக்கிறது. நன்னடத்தைக் காலத்திலேயே நாட்டுக்குத் திரும்புவதென்றால் பதினான்கு நாள், அங்கேயே வேறிடம் மாறுவதென்றால் ஒரு மாதம். இதை மீறி வெளியேறினால் ஒரு வருடத்துக்கு அங்கே வேலை அனுமதி கிடைக்காது. ஆகவே வளைகுடாவில் முன்னறிவித்தல் மரியாதைக்காகக் கொடுப்பது அன்று. பத்திரமாக வீடு திரும்புவதே அதில் தங்கியிருக்கிறது. வீட்டு எஜமானின் கொடுமை தாங்காமல் ஓடும் பெண்ணுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவர் முதலில் தூதரகத்துக்குப் போகட்டும். ஹுரூப் அறிவித்தலுக்கு முன் அவரது முறைப்பாடு பதிவாவது மிக முக்கியம்.

மூன்று வரி

இங்கே புறக்கோட்டைக்குத் திரும்புவோம். எப்படித்தான் போவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நீண்ட கடிதம் வேண்டாம். பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்தத் திகதியிலிருந்து வேலை செய்தேன், எந்தத் திகதியுடன் விலகுகிறேன், சம்பள மீதியையும் பணிக்கொடையையும் இன்ன வங்கிக் கணக்குக்கு அனுப்பவும். தமிழில் எழுதினால் போதும். கொப்பித் தாளிலும் எழுதலாம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து வைக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோர் தரும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்குள்ள தபாற்கந்தோரிலிருந்து அனுப்பினாலும் அது கடிதம்தான். வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுவது அதற்கு ஈடாகாது, ஆனால் ஒன்றும் இல்லாததை விட எவ்வளவோ மேல். அந்தப் போனை விற்றுவிடாதிருந்தால் சரி.

பத்து நாள்தான் இருக்கிறதென்றால் பத்து நாளையும் கொடுக்கலாம். மீதி இருபது நாளை விட்டுத்தரும்படி முதலாளியிடம் கேட்கலாம். அவர் சம்மதித்தால் முன்னறிவித்தல் பற்றிய கேள்வியே முடிந்தது, ஏனெனில் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட முடிவில் மீறல் இல்லை. "சரி, போயிட்டு வா" என்று வாயால் சொல்வதை ஒரு வரியில் எழுதி வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. எனக்குத் தெரிந்த முதலாளிமாரில் பலர், முகத்துக்கு முன் வந்து கேட்டவனுக்கு மறுத்ததில்லை. சிலர் பயணச் செலவுக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, பலரும் மறந்துபோவது. பணிக்கொடையைப் பறிக்கச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் பொருட்களுக்கு ஏற்படும் இழப்பும் இருக்கிறது என்று மேலே எழுதினேன். போனவன் இல்லாத நேரத்தில் எண்ணிப் பார்க்கும் சரக்கில் எப்போதும் ஏதாவது குறையும். ஆகவே சாவியை யாரிடம் கொடுத்தேன், கைக்காசு எவ்வளவு ஒப்படைத்தேன், என் பொறுப்பில் இருந்த இறாக்கைகளில் எத்தனை கட்டு இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, பொறுப்பேற்றவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்க வேண்டும். அந்தத் தாளை நான் எழுதிக் கொடுக்கிறேன், அதற்குச் சல்லி எடுப்பதில்லை.